பழவண்டியும் புதுப்பொறியும்

வண்டி தமிழர்க்குப் புதியதொரு பொருளன்று. உப்பு விற்கும் உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த நெடுவழிக்குப் புறப்படுங்கால், தம் வண்டியின் அடியில் வேறோர் அச்சினையும் கட்டிக்கொண்டு சென்றனர் என்பது புறநானூற்றால் அறியக் கிடக்கின்றது. அதற்குச் சேமஅச்சு என்று பெயர். அவர் சேமமாகக் கொண்டு சென்றது மற்றோர் எருதினையன்று, அச்சினையே என்பது ஈண்டு நோக்கற்பாலது. இழுக்கும் ஆற்றல் எவ்வளவு பெரிதாயினும், அதனைத் தாங்கும் உறுப்பு முறியுமாயின் வண்டி நடுவழியில் நிற்கும் என்பதை அவர் நன்கறிந்திருந்தனர். பழைய பிக்கப் வண்டியொன்றின் எஞ்சினைச் சிறுபொருட் செலவில் மேம்படுத்த விழைவார் இக்காலத்து முதற்கண் மறப்பதும் இதுவே.

தமிழ் பயில்வார்க்கு எஞ்சினோடு என்ன உறவு என்று எம் நண்பருட் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். யாம் பிறந்து வளர்ந்த பண்டசோழநல்லூர் புதுச்சேரிக்குத் தென்மேற்கே நெட்டப்பாக்கத்தை அடுத்துள்ள சிற்றூர். நெல்லும் கரும்பும் விளையும் அப்பகுதியில் உர மூட்டை, வைக்கோல், பால் கேன், பழுதுபட்ட பம்பு மோட்டார், திருமண வீட்டுப் பாத்திரம், சிற்சில வேளை நோயாளி ஆகிய யாவும் ஏறிச் செல்வது பிக்கப் எனப்படும் வண்டியிலேயே. முன்னே இருவர் மூவர் அமரும் இருக்கை, பின்னே திறந்த தொட்டி, இவ்வளவே அதன் வடிவம். இன்று புதிய வண்டிகள் பல வந்துவிட்டன. எனினும், தந்தை வாங்கிய ஜீப் பிக்கப்பை மகன் ஓட்டும் வீடுகள் இன்னும் சில உண்டு. புதுவண்டி வாங்கக் கடன் பெறுவதா, பழவண்டிக்குப் புதிய எஞ்சின் பொருத்துவதா, உள்ள எஞ்சினையே செப்பனிடுவதா என்னும் வினா அவ்வீடுகளில் ஆண்டுதோறும் எழுகின்றது. தவறான விடை ஓராண்டு விளைச்சலின் ஊதியத்தை விழுங்கிவிடும். ஆதலின் இவ்வாராய்ச்சி வீண்பொழுது போக்கன்று.

நம் நாட்டுச் சாலைகளிற் பெரிதும் வழங்கிய பழைய பிக்கப்புகள் ஜீப்பின் வழி வந்தவை. அமெரிக்க நாட்டு வில்லிஸ் நிறுவனம் இரண்டாம் உலகப்போர்க்கெனச் செய்த ஜீப்பை, 1945-இல் தொடங்கி 1948-இல் இன்றைய பெயர் பெற்ற மகிந்திரா நிறுவனம், நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் உறுப்புகளாக வரவழைத்துப் பம்பாயிற் கோத்து விற்கத் தொடங்கிற்று. பின்னர் அந்நிறுவனமே அதன் உறுப்புகளையும் செய்தது. ஓட்டுநர் இருக்கை எஞ்சினுக்கு மேலே அமைந்து, பின்புறம் முழுவதும் பாரத்துக்கு ஒழிந்து நின்ற எப்.சி. என்னும் பிக்கப்பும் அம்மரபினதே. போர்க்கால ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின் நான்கு சிலிண்டரும் 2,199 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. 60 குதிரைத்திறன் அளித்தது. அதன் வழிவந்த அரிக்கேன் எஞ்சின் அதே கொள்ளளவில் எழுபதுக்குச் சிறிது மேற்பட்ட குதிரைத்திறன் ஈந்தது. ஒரு வால்வு தலைப்பகுதியிலும் மற்றொன்று பிளாக்கிலுமாக அமைந்த அதன் அமைப்பு இன்று விந்தையாகத் தோன்றும். பேருழைப்பாளி, ஆயினும் பெட்ரோல் குடிப்பதில் அதற்கு நிகர் அதுவே.

இக்குடியே நம் நாட்டில் எஞ்சின் மாற்றத்துக்கு அடிகோலிற்று. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அருகியபோது, பேருந்துகளின் பின்னே பெரிய கொப்பரைகளைக் கட்டி, அடுப்புக்கரியை எரித்து, அதில் எழும் வாயுவால் அவற்றை ஓட்டினர் என்பதைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டார் இன்றும் இருத்தல் கூடும். எஞ்சினை மாற்றாது எரிபொருளை மாற்றிய முறை அது. ஆற்றல் குறைந்தது, மேட்டில் ஏற மறுத்த வண்டியைப் பயணியர் இறங்கித் தள்ளினர். போருக்குப் பின்னர் வந்த முறை வேறு. இங்கிலாந்திற் பீட்டர்பரோ என்னும் ஊரில் 1932-இல் பிராங்க் பெர்கின்ஸ் என்பார் நிறுவிய தொழிற்சாலை, பெட்ரோல் லாரிகளின் எஞ்சினை எடுத்துவிட்டு அவ்விடத்திலேயே அமர்த்தத்தக்க டீசல் எஞ்சின்களைச் செய்து புகழ்பெற்றது. 1937-இல் வெளிவந்த பி-6 என்பது அவற்றுட் சிறந்தது. சென்னையில் 1840-இல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத் தோன்றிய சிம்சன் நிறுவனம், 1950-களில் இப்பெர்கின்ஸ் எஞ்சின்களைத் தானே செய்யத் தொடங்கிற்று. மூன்று, நான்கு, ஆறு என்று சிலிண்டரின் எண்ணிக்கை மாறினும், ஒவ்வொரு சிலிண்டரின் குறுக்களவும் மூன்றரை அங்குலம், பிஸ்டன் ஓடும் நீளமும் ஐந்து அங்குலமே. ஆதலின் ஒன்றன் பிஸ்டனும் ரிங்கும் மற்றொன்றுக்கும் பொருந்தும். இதன் அருமை பெருநகரத்தார்க்குத் தோன்றாது. உதிரிப் பொருள் கிட்டாமல் வண்டியைப் புளியமரத்தடியில் மாதக்கணக்கில் நிறுத்திய சிற்றூரார்க்கே தோன்றும். 1949-இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் தோன்றியதும் இவ்வகையிற் குறிக்கத்தக்கது. பிஸ்டனுக்குக் கப்பலை எதிர்நோக்கிக் காத்திருந்த காலம் அதனோடு முடியத் தொடங்கிற்று.

மகிந்திரா நிறுவனமும் இவ்வழியே சென்றது. அது 1963-இல் அமெரிக்க இன்டர்நேஷனல் ஆர்வெஸ்டர், வோல்டாஸ் ஆகியவற்றோடு கூடி டிராக்டர் தொழில் தொடங்கிற்று. அந்த பி-275 டிராக்டரின் எஞ்சின் குடும்பமே பின்னர் ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் வந்து சேர்ந்தது. 2,350 கன சென்டிமீட்டர் உடைய எம்.டி. 2350 முதலாவது, சிலிண்டரைச் சிறிது அகலமாக்கி 2,523 கன சென்டிமீட்டராகச் செய்த எம்.டி.ஐ. 3200 அதன் இளவல். உழவுக்குப் பிறந்த எஞ்சின் சாலைக்கு வந்தமையால், அதன் குரலில் வயற்காட்டு மணம் இன்றும் வீசுகின்றது என்பர் எம்மூரார்.

1980-களின் தொடக்கத்திற் பிரான்சு நாட்டுப் பியூஜோ நிறுவனத்தின் எக்ஸ்.டி.பி. 4.90 என்னும் டீசல் எஞ்சினும் ஜீப்பினுள் அமர்ந்தது. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் குறுக்களவு என்பதே அப்பெயரின் பொருள். 83 மில்லிமீட்டர் ஓட்டத்தோடு கூட்டிக் கணக்கிட்டால் 2,112 கன சென்டிமீட்டர் வரும். 1954 நவம்பர் 1-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய புதுச்சேரி மண்ணில், முப்பதாண்டு கழித்துப் பிரெஞ்சு எஞ்சின் ஒன்று பம்பாய்க்காரர் வண்டியில் ஏறி வந்து சேர்ந்தது. வரலாற்றுக்கும் சிற்சில வேளை விளையாட்டு உணர்ச்சி உண்டு போலும்.

இனி ஒரு கணக்கினைக் காண்போம். அரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் எழுபதுக்கு மேற்பட்ட குதிரைத்திறன் உடையது. பியூஜோ டீசல் 62 உடையது. முறுக்குவிசையோ, நிமிடத்துக்கு 2,000 சுழற்சியில் முன்னதற்கு ஏறத்தாழ 16 கிலோகிராம்-மீட்டர், பின்னதற்கு ஏறத்தாழ 12. அஃதாவது, மேம்பாடு என்று மக்கள் பொருள் கொடுத்துப் பொருத்திய எஞ்சின், எடுத்தெறிந்த எஞ்சினைக் காட்டிலும் வலி குறைந்தது! இஃது எமக்கு முதலில் வியப்பாகவே இருந்தது. பின்னர் ஓர்ந்தபோது வியப்பு நீங்கிற்று. மேலைநாட்டார் எஞ்சின் மேம்பாடு என்றால் விரைவினையும் குதிரைத்திறனையும் கருதுவர்; நம்மவர் கருதியது ஒரு லிட்டர் எரிபொருளில் எத்தனை கிலோமீட்டர் என்பதையே. டீசல் எஞ்சின் காற்றை இருபது மடங்குக்கு மேலும் அமுக்குகின்றது. பழைய பெட்ரோல் எஞ்சினோ ஏழு மடங்கினையும் எட்டவில்லை. மிக அமுக்கி எரித்தால் அதே எரிபொருளினின்று மிகுந்த வேலை கிடைக்கும் என்பது வெப்பவியல் விதி. அன்றியும் டீசல் எண்ணெய் லிட்டருக்குப் பெட்ரோலைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஆற்றல் செறிந்தது. இவ்விரண்டன் மேலும், டீசல் விலையை அரசே நெடுங்காலம் தாழ்த்தி வைத்திருந்தது. ஆகவே வலி குறைந்த எஞ்சின் பை கனத்த உரிமையாளனை உண்டாக்கிற்று.

ஆனால் அக்காலம் சென்றுவிட்டது. பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு 2010 சூனிலும், டீசல் விலைக்கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. இரண்டுக்கும் இடையே இருந்த பேரிடைவெளி சுருங்கிற்று. எஞ்சின் மாற்றும் செலவைச் சில ஆண்டுகளில் எரிபொருட் சேமிப்பால் ஈடுசெய்த பழங்கணக்கு இன்று அவ்வாறே செல்லுபடியாகாது. நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஒருகால் செல்லலாம். வயலுக்கும் வில்லியனூர்க்குமாக வாரத்தில் மும்முறை ஓடும் வண்டிக்குச் செல்லாது. இதனை அறியாது, தந்தை காலத்து அறிவுரையைக் கைக்கொண்டு டீசல் எஞ்சினைத் தேடுவார் இன்றும் பலர்.

எம் தாய்மாமனும் அங்ஙனமே தேடினார். அவரிடம் உள்ளது 1970-களின் நடுவில் வந்த பெட்ரோல் ஜீப்பைத் தொட்டியாக மாற்றிய பிக்கப். கரும்பு வெட்டிய பணம் கையில் இருந்தது. பழைய டீசல் எஞ்சின் ஒன்று விலைக்கு வருவதாகவும் கேள்வி. வில்லியனூர்ப் பக்கத்துப் பட்டறை மேஸ்திரி ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். யாமும் உடன் சென்றோம். மேஸ்திரி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகின்றோம்: “எஞ்சினை உட்கார வெச்சுடலாம் முதலாளி. அது உட்கார்ந்த பிறகு எத்தனை சாமான் எழுந்து நிக்கும்னு அதையும் எண்ணிக்குங்க.” பின்னர் அவர் விரல்விட்டு எண்ணிய உறுப்புகளைக் கேட்டபோது, யாம் கற்கும் இலக்கணத்தின் புணர்ச்சி இயலே எம் நினைவுக்கு வந்தது. நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் நிகழ்தல் போல, கியர்பாக்ஸ் நிலைமொழியாகவும் புது எஞ்சின் வருமொழியாகவும் நின்று புணருமிடத்தும் இம்மூன்றும் நிகழ்கின்றன. இரண்டன் போல்ட்டுத் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தா. இடையே சாரியை போல இரும்புத் தகடு ஒன்று தோன்றல் வேண்டும். கிளட்சுத் தட்டு திரிந்து வேறாதல் வேண்டும். பழைய மவுண்டிங் கெட்டு, சேஸிஸில் புதியது பற்றவைக்கப்படல் வேண்டும். தகட்டின் நடுத்துளை கிராங்கின் நடுக்கோட்டினின்று மயிரிழை விலகினும், கியர்பாக்ஸின் முன்பேரிங்கு சில மாதங்களில் ஓலமிடும். இலக்கணப் பிழையை ஆசிரியர் பொறுப்பர், பேரிங்கு பொறாது.

அவ்வளவோடு நின்றதா எனின், இல்லை. டீசல் எஞ்சின் கனமானது. முன்வில்கள் தாழும், ஸ்டீயரிங் இறுகும். பெட்ரோல் எஞ்சினுக்கு அமைந்த மெல்லிய ஸ்டார்ட்டர் கம்பியும் சிறு பேட்டரியும், இருபது மடங்கு அமுக்கத்தை எதிர்த்துச் சுழற்ற ஆற்றா. டீசல் தொட்டிக்கு மீளும் குழாய் ஒன்று புதிதாக இடல் வேண்டும். சைலன்சர்க் குழாயின் வழி மாறும். ரேடியேட்டரின் வாயும் எஞ்சினின் வாயும் வெவ்வேறு பக்கம் நோக்கும். எஞ்சினின் விலை முதற்செலவேயன்றி முழுச்செலவன்று என்பது இவற்றால் விளங்கும்.

இவற்றினும் நுட்பமானது கடைசிப் பல்லிணை, அஃதாவது பின்னச்சின் நடுவே உள்ள டிபரன்ஷியலின் விகிதம். பலர் இதனைக் கணக்கிடுவதே இல்லை. ஜீப்புகளிற் பரவலாக இருந்த விகிதம் 5.38. அஃதாவது சக்கரம் ஒருமுறை சுழல, நேர்கியரில் எஞ்சின் 5.38 முறை சுழல வேண்டும். அதன் சக்கரம் ஒரு சுழற்சியில் ஏறத்தாழ 2.27 மீட்டர் செல்லும் என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். ஆகவே சக்கரம் ஏறத்தாழ 440 முறையும், எஞ்சின் ஏறத்தாழ 2,370 முறையும் சுழலும். 4,000 வரை சுழலவல்ல பெட்ரோல் எஞ்சினுக்கு இது தொல்லையன்று. ஆனால் 3,200 சுழற்சியோடு நிற்கும் டிராக்டர் வழி எஞ்சினை அதே பின்னச்சோடு பிணைத்தால், மணிக்கு 81 கிலோமீட்டரில் அது தன் எல்லையை முட்டிவிடும், எழுபதிலேயே அலறும். அதனைத் தணிக்க விகிதம் குறைந்த பல்லிணை வாங்கல் வேண்டும். நான்கு சக்கரமும் இயங்கும் ஜீப்பாயின் முன்னச்சுக்கும் அதே விகிதத்தில் மற்றொன்று வேண்டும். எஞ்சின் மாற்ற வந்தவன் ஈரச்சு மாற்றி மீள்வான். உமணர் கட்டிய சேமஅச்சு ஈண்டு மீண்டும் நினைவுக்கு வருகின்றது.

சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. உற்பத்தியாளர் முதலிற் குறித்த விவரங்களினின்று மாறுபடுமாறு வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது என்பது அதன் சாரம். உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எரிவாயு, மின்கலம் முதலிய வேற்று எரிபொருளுக்கு மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுதிகளுக்கு மட்டும் விதிகளுக்கு உட்பட்டு இடம் உண்டு. அவற்றுள் மின்கலத் தொகுதி சிறுபொருட் செலவு என்னும் எம் எல்லைக்குள் வாராது. பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் வேறுபட்டால், விபத்து நேர்ந்தவிடத்துக் காப்பீட்டுத் தொகைக்கு வழக்கு எழும். ஆகவே பட்டறைக்குச் செல்லுமுன் பதிவு அலுவலகத்துக்குச் செல்லுதல் முறை. அரை நூற்றாண்டு கடந்த வண்டியை உடையார் மற்றொன்றும் அறிதல் வேண்டும். 2021 சூலையில் நடுவணரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்டுத் தம் மூலவடிவு கெடாத வண்டிகள் தொன்மை வண்டிகளாகத் தனிப்பதிவு பெறலாம். எஞ்சினையோ சேஸிஸையோ பெரிதும் மாற்றியவை அத்தகுதியை இழக்கும். அவ்வாறு பதிந்த வண்டியை வாணிகத்துக்கு ஓட்டலாகாது என்பதனால் எம் மாமனுக்கு அதனால் பயனில்லை; வீட்டு முற்றத்திற் சும்மா நிற்கும் பழவண்டி உடையார்க்கு உண்டு.

ஆயின் சிறுபொருள் உடையார் செய்யத்தக்கது யாது? உள்ள எஞ்சின் இழந்த வலியை அதற்கே மீட்டுத் தருதல் என்பதே எம் துணிபு. ஐம்பதாண்டு தேய்ந்த எஞ்சின் தன் பிறவி வலியோடு ஓடுவதில்லை. உரிமையாளர் அத்தேய்வினோடு பழகி, அதுவே அதன் இயல்பென்று கொண்டு, வேறு எஞ்சினை விரும்புகின்றார். முதற்கண் செய்யத்தக்கது சோதனை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அழுத்தமானியைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளத்தல் வேண்டும். நான்கும் தம்முள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடின் நோய் உண்டு. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மீண்டும் அளந்தால், அளவு உயருமாயின் ரிங்கும் சிலிண்டர்ச் சுவரும் தேய்ந்தன என்க. உயராதாயின் வால்வு ஒழுகுகின்றது என்க. இச்சோதனைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஆயினும் இதனைச் செய்யாது எஞ்சினைப் பிரிப்பார் தொகை பெரிது. புகையும் ஒருவகைச் சோதனையே: நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுவதையும், ஓயாத வெண்புகை பெட்ரோல் எஞ்சினில் நீர் உட்புகுவதையும் காட்டும்.

வால்வு மட்டும் குற்றமாயின், தலையைக் கழற்றிக் கரியை நீக்கி, வால்வுகளைத் தேய்த்து அமர்த்தினாற் போதும். சுவர் தேய்ந்திருந்தால் போரிங் வேண்டும். பட்டறையில் இருபது, முப்பது, நாற்பது என்று வழங்குவன அங்குலத்தை ஆயிரமாக்கிய கூறுகள். நாற்பது கூறு அகலப்படுத்தினால் 2,199 என்பது ஏறத்தாழ 2,256 ஆகும். வலி கூடும் என்று இதனைச் சிலர் பெரிதாகப் பேசுவர். கூடுவது நூற்றுக்கு இரண்டரையே. அதன் பயன் வட்டம் கெட்ட சிலிண்டர் மீண்டும் வட்டமாவதில் உள்ளது. ஒவ்வொரு போரிங்கிலும் சுவர் மெலிவதால், முதலிலேயே நாற்பதுக்குத் தாவாது, தேய்வு நீங்கும் மிகச் சிறிய அளவோடு நிற்றல் அறிவுடைமை. எல்லை கடந்த பிளாக்குக்கு ஸ்லீவ் இட்டுப் பழைய அளவுக்கே மீளலாம்.

தலையைச் செதுக்கும் பணி சிறுசெலவிற் பெரும்பயன் தருவது. அரிக்கேன் பிறந்த காலத்துப் பெட்ரோலின் ஆக்டேன் தரம் தாழ்ந்தது. ஆதலின் அதன் அமுக்க விகிதத்தை 6.9 அளவில் நிறுத்தினர். இன்று சாதாரணப் பெட்ரோலின் தரம் அதனினும் உயர்ந்தது. நல்ல பெட்ரோல் ஊற்றியதனால் மட்டும் பழைய எஞ்சின் வலிபெறாது. அமுக்கத்தை உயர்த்தினால்தான் அத்தரத்தின் பயனைக் கொள்ளலாம். தலையின் அடிப்பரப்பைச் சிறிதளவு செதுக்கி விகிதத்தை ஏழரை அளவுக்கு உயர்த்துதல் இயலும். வால்வுக்கும் எதிர்ப்பரப்புக்கும் இடையே போதிய இடைவெளி உண்டா என்று அளந்த பின்னரே செதுக்குதல் வேண்டும். செதுக்கியதை மீண்டும் ஒட்டவியலாது.

பிளாட்டினப் புள்ளிகளை நீக்கி மின்னணு மூட்டல் பொருத்துதல், ஆறு வோல்ட்டு வண்டியைப் பன்னிரண்டாக்குதல் ஆகியன சிறு திருத்தங்கள். விடியற்காலையில் வண்டியைத் தள்ளும் தொல்லையை ஒழிப்பன. கார்புரேட்டரின் தேய்ந்த தண்டுவழி காற்று ஒழுகுவதை அடைத்தல் வேண்டும். எம் பகுதி ஆழ்குழாய் நீர் உப்புச் செறிந்தது. பல்லாண்டு அந்நீரை ஊற்றிய ரேடியேட்டரின் குழல்கள் சுண்ணம் படிந்து அடைபட்டிருக்கும். அதனைக் கழற்றித் தண்டு விட்டுத் துப்புரவு செய்யாது புது எஞ்சினே வைத்தாலும் கொதிக்கும்.

எரிபொருளிலும் ஒரு புதுமை நேர்ந்துள்ளது. 2025-ஆம் ஆண்டளவில் நாடெங்கும் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் தோற்படலத்தையும் கார்க்கு வளையங்களையும் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும் படலங்களையும் இடல் வேண்டும். லிட்டருக்கு எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாதலின், கார்புரேட்டரின் ஜெட்டைச் சிறிது அகலமாக்குதலும் நேரலாம். கரும்பிலிருந்தும் எத்தனால் வடிப்பர். கரும்பு சுமந்த வண்டி கரும்பாலேயே ஓடும் காலம் எம்மூர்க்கு வந்துவிட்டது.

எஞ்சினை மாற்றுதலே தக்கது என்னும் நிலையும் உண்டு. பிளாக்கு வெடித்து ஒட்டவியலாதவிடத்து அதே வகை எஞ்சினைத் தேடிப் பொருத்துதல் செலவும் வழக்கும் குறைந்த வழி. துளையும் மவுண்டிங்கும் மாறா. டீசலாகவே பிறந்த பிக்கப் உடையாரும் அவ்வகையையே நாடுக. பழைய எஞ்சினை வாங்குவார் அதனை ஓடவிட்டுக் கேட்டல் வேண்டும். எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை சீறுமாயின் அப்பாற் செல்க. பழைய டீசலுக்கு டர்போ பொருத்தலாம் என்று சிலர் ஆசை காட்டுவர். பிஸ்டனும் கேஸ்கெட்டும் அவ்வெப்பத்துக்கென அமைந்தவையல்ல. சிறுபொருள் உடையார்க்கு அது வழியன்று.

எம் மாமன் டீசல் எஞ்சினை வாங்கவில்லை. அமுக்கத்தை அளந்தபோது இரண்டு சிலிண்டர்கள் தாழ்ந்து நின்றன. எண்ணெய் ஊற்றியதும் உயர்ந்தன. முப்பது போரிங்கும், புதிய பிஸ்டனும் ரிங்கும், வால்வுத் தேய்ப்பும், ரேடியேட்டர்த் துப்புரவும் நடைபெற்றன. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னே மேஸ்திரி அவரை வற்புறுத்திச் செய்வித்தது நான்கு சக்கரத்துப் பிரேக்கையும் புதுப்பித்தல். வலி மீண்ட வண்டி நிற்கவும் வேண்டுமன்றோ என்றார் அவர். இப்போது பத்து மூட்டை நெல்லோடு கரியமாணிக்கம் சாலையில் மூன்றாம் கியரிலேயே அது செல்லுகின்றது. பெட்ரோல் குடிப்பது சிறிது குறைந்துள்ளது, பெரிதும் குறையவில்லை. மின்னணு மூட்டல் அடுத்த கரும்பு வெட்டுக்குப் பின் என்று ஒத்திவைக்கப்பட்டுள்ளது.